ஒரு பிழைக்கு ஒரு பொற்காசு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். நாலு முறை பார்த்தும் தப்பிய பிழை, புத்தகம் கட்டாகி வந்த அன்று முதல் பக்கத்திலேயே பல்லை இளிக்கும். அந்த வயிற்றெரிச்சலை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்தவர் வெனிஸ் நகர அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ். 1513இல் பிளேட்டோவின் நூல்களை அச்சிட்டபோது, முடிந்தால் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பொற்காசு கொடுத்து அதை நீக்கிவிடுவேன் என்று முன்னுரையில் எழுதினார். படித்த அன்றே அவர் எனக்கு உறவுக்காரராகிவிட்டார்.

இத்தாலியில் கார்ப்பி இளவரசர்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் அவர். நாற்பதை ஒட்டிய வயதில் வெனிஸுக்கு வந்து அச்சுத்தொழிலில் இறங்கினார். கிரேக்க நூல்களைக் கிரேக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது ஆசை. 1495இல் தொடங்கி 1498க்குள் அரிஸ்டாட்டிலை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கிரேக்கத்தில் எழுத்துக்கு மேலே குறிகள், போதாததற்குக் கூட்டெழுத்துகள். கொம்பும் காலும் தேடித் தேடி ஈய எழுத்துக் கோத்த நம்மவர்களுக்கு அந்த அவதி புரியும்.

1501இல் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கமாக வெளியிட்டார். பக்கத்தை அடைத்துக்கொள்ளும் உரை கிடையாது, மூலம் மட்டும். அதற்கென்றே கிரிஃபோ வெட்டியதுதான் சாய்வெழுத்து. மேசையில் கிடந்த புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

கைக்கு வந்தால் திருடர் கைக்கும் வரும் அல்லவா? பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் அதே அளவில், அதே சாய்வெழுத்தில் போலிகளை அடித்து விற்றார்கள். அச்சிட்டவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஆல்டஸ் கொதித்துப்போனார். 1503இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போலியின் தாள் மட்டம், நாற்றம் வேறு அடிக்கும் என்றார். அதோடு விட்டாரா? மெய்ப்புப் பார்ப்பவரின் புத்தி விடுமா? எந்த நூலில் எந்த இடத்தில் என்ன பிழை என்று பட்டியலே போட்டுவிட்டார். லியோன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தங்கள் போலிகளைத் திருத்திக்கொண்டார்கள்! திருடனுக்கு இலவசமாக மெய்ப்புப் பார்த்துக் கொடுத்திருக்கிறார், பாவம். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ, சொல்லும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

இன்னும் இரண்டே நிமிடம் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச நினைத்தேன். 1508இல் அவர் வெனிஸில் தங்கி, தம் பழமொழித் தொகுப்பை எழுத எழுத அச்சுக்குக் கொடுத்தார். எழுதியவரும் மெய்ப்புத் திருத்துபவரும் பார்த்து முடித்த தாளை ஆல்டஸ் மறுபடி பார்ப்பார். உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம் என்று எராஸ்மஸ் கேட்டதற்கு, "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாராம்.

வணக்கம்.