"ஏரியா சரியில்லை" என்றார்கள்: ஆஸ்டினில் ஹைவேக்குக் கிழக்கே ஒரு நடை

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கிற இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில், ஈஸ்ட் 11-ஆம் தெரு ஐ-35 ஹைவேயைக் கடக்கிற இடத்தில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. அதற்குள் லாரிச் சத்தம் இப்படி இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது: "ஆஸ்டினில் வேலை கிடைத்திருக்கிறது, எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" 2011-இல் வந்து இறங்கியபோது நானும் இதையேதான் கேட்டேன். நம் ஆட்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "வடக்கே போங்கள். ரவுண்ட் ராக், சீடர் பார்க், பிரஷி க்ரீக். ஸ்கூல் நன்றாக இருக்கும், இந்தியக் கடை பக்கம். ஹைவேக்குக் கிழக்கே மட்டும் வேண்டாம், ஏரியா சரியில்லை."

ஏரியா சரியில்லை. அதை நானும் நம்பினேன், எனக்கு அப்புறம் வந்தவர்களுக்கும் சொன்னேன். ஏன் சரியில்லை, யார் அதைச் சரியில்லாமல் ஆக்கினார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடந்துகொண்டே பேசலாம், வாருங்கள்.

முதலில் கேமராவை மேற்கே திருப்புகிறேன். தெருவின் முடிவில் தெரிகிறதா, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குவிமாடம்? அதுதான் டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடம். இங்கிருந்து அது மறையாமல் தெரிவது தற்செயல் இல்லை. நகரத்தின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து பார்த்தால் குவிமாடம் தெரிய வேண்டும், நடுவே உயரமான கட்டடம் வரக்கூடாது என்று 1983-இல் சட்டம் போட்டார்கள். அதனால்தான் டவுன்டவுனில் எழுபது மாடிக்கு மேல் கட்டடம் எழும்பும் இந்தக் காலத்திலும் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. காட்சியைக் காப்பாற்ற நினைத்தார்கள், காப்பாற்றிவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990-இல் ஆஸ்டின் நகர மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 9.6 லட்சம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 2020-இல் ஏறத்தாழ 22.8 லட்சம், 1990-இல் இதே வட்டாரத்தில் எட்டரை லட்சம் பேர்கூட இல்லை. காரணங்கள் உங்களில் பலருக்குத் தெரிந்தவைதான். பல்கலைக்கழகம், மாநிலத் தலைநகரம் என்பதால் வரும் அரசு வேலைகள், 1967-இல் வந்த ஐபிஎம், 1984-இல் ஒரு மாணவர் விடுதி அறையில் தொடங்கிய டெல், 1996-இல் சாம்சங் சிப் தொழிற்சாலை, 2021-இல் தலைமையகத்தை இங்கே மாற்றிய டெஸ்லா. மாநில வருமான வரியும் கிடையாது. நம் ஆட்கள் கலிஃபோர்னியாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருவதற்கு அது ஒன்றே போதும்.

சரி, இப்போது கிழக்கே நடக்கிறேன்.

இந்த ஹைவே இருக்கிற இடத்தில் முன்பு ஈஸ்ட் அவென்யூ என்ற அகலமான சாலை இருந்தது, நடுவில் புல்லும் மரமுமாக. 1928-இல் நகரத்துக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டார்கள். கோக் அண்ட் ஃபௌலர் என்ற நிறுவனம் தயாரித்தது. அதில் கறுப்பின மக்களுக்கான பகுதி என்று ஈஸ்ட் அவென்யூவுக்குக் கிழக்கே ஓரிடத்தைக் குறித்தார்கள். இன்ன இனத்தார் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்று உள்ளூர்ச் சட்டம் போடுவது செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இலேயே சொல்லியிருந்தது. அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிழக்கே மட்டும். பூங்கா கிழக்கே மட்டும். "போ" என்று யாரும் சொல்லவில்லை, இருக்க முடியாமல் செய்தார்கள்.

மேற்கே கிளார்க்ஸ்வில் என்று ஒரு சின்னக் குடியிருப்பு உண்டு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, 1871-இல், விடுதலை பெற்ற ஒருவர் நிலம் வாங்கி உருவாக்கியது. அங்கே பள்ளியை மூடினார்கள். பல குடும்பங்கள் அப்படியும் நகரவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, 1970-கள் வரைக்கும் மண் சாலையிலேயே வாழ்ந்ததுதான். அதே காலத்தில் மோபாக் என்ற எக்ஸ்பிரஸ்வே வந்து அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியையே விழுங்கியது. இன்று கிளார்க்ஸ்வில்லில் வீட்டு விலை என்ன என்று தேடிப் பார்த்தீர்களென்றால் தலை சுற்றும்.

1962-இல் ஈஸ்ட் அவென்யூவை அழித்து ஐ-35 திறந்தார்கள். காகிதத்தில் இருந்த கோடு கான்கிரீட் ஆயிற்று. எங்கள் ஊரில் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அதைத் தாண்டி வளர்ந்தவன் என்பதால் இந்த ஹைவே எனக்குப் புரிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனாலும் முதல் சில வருடங்கள் புரிந்துகொள்ள முயலவே இல்லை, அதுதான் வருத்தம்.

ஆஸ்டின் மட்டும் இப்படி இல்லை. நாஷ்வில்லில் ஐ-40 ஹைவே ஜெஃபர்சன் தெருவைச் சுற்றியிருந்த கறுப்பினப் பகுதியைப் பிளந்து போனது. அட்லாண்டாவில் ஸ்வீட் ஆபர்ன் என்ற கறுப்பினப் பகுதியின் குறுக்கே ஹைவே. ஷார்லட்டில் புரூக்ளின் என்ற கறுப்பினப் பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். இன்று வேகமாக வளர்கிறது என்று நாம் கேள்விப்படும் தெற்கத்தி ஊர்கள்தான் எல்லாமே.

இதோ, இந்தப் பக்கம் பாருங்கள். விக்டரி கிரில். 1945-இல் தொடங்கியது. போர் முடிந்து திரும்பிய கறுப்பினச் சிப்பாய்களுக்கு நகரத்தின் மற்ற இடங்களில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, அவர்களுக்காகத் திறந்த கடை. பி.பி. கிங் போன்ற ப்ளூஸ் இசைக் கலைஞர்கள் இங்கே வாசித்திருக்கிறார்கள். இன்னும் தெற்கே போனால் ஹஸ்டன்–டில்லட்சன் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்காக உருவானது. அதன் மூலக் கல்லூரிகளில் ஒன்றான டில்லட்சன் 1881-இலேயே வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1883-இல்தான் தொடங்கியது. ஒதுக்கிவைத்த இடத்தில் கறுப்பின மக்கள் கல்லூரி, சர்ச், இசைக்கூடம், கடைத்தெரு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டார்கள். நகரமோ இந்தப் பக்கத்துக்குத் தொழிற்சாலைகளையும் பெட்ரோல் சேமிப்புத் தொட்டிகளையும் அனுப்பியது. அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே வீடுகள். அக்கம்பக்கத்து மக்கள் போராடி 1990-களின் தொடக்கத்தில்தான் அவற்றை மூடவைத்தார்கள். "ஏரியா சரியில்லை" என்று நாம் சொன்னோமே, அதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பார்ட்டன் ஸ்ப்ரிங்ஸ் ஊற்றைப் பற்றி இரண்டு வீடியோ போட்டிருக்கிறேன். கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே குளிர்ச்சியில் இருக்கிற தண்ணீர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போயிருப்பீர்கள். அந்த ஊற்றுக்குத் தண்ணீர் வருவது தென்மேற்கே இருக்கிற சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து. அங்கே வீடும் ரோடும் கட்டிக்கொண்டே போனால் ஊற்று கெட்டுவிடும். 1990-இல் பெரிய கட்டுமானத் திட்டம் ஒன்று வந்தபோது நூற்றுக்கணக்கான மக்கள் நகர மன்றத்தில் விடிய விடியப் பேசி அதைத் தடுத்தார்கள். 1992-இல் வாக்கெடுப்பு மூலம் ஊற்றைக் காக்கும் சட்டமே கொண்டுவந்தார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இன்னும் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருப்பது அவர்களால்தான்.

ஆனால் அந்தப் பக்கம் கட்டக்கூடாது என்றால், வந்துகொண்டே இருக்கிற மக்களுக்கு எங்கே கட்டுவது? 1990-களின் இறுதியில் நகரம் ஒரு வரைபடம் போட்டது. தண்ணீர் பிடிக்கும் மேற்கைக் காப்பாற்ற வேண்டிய பகுதி என்றும், டவுன்டவுனையும் கிழக்கையும் வளர்ச்சி விரும்பப்படும் பகுதி என்றும் பிரித்தார்கள். ஊற்றுக்காகப் பேச நூற்றுக்கணக்கில் வந்தார்கள். கிழக்கே குடியிருந்தவர்களிடம் யாரும் சரியாகக் கேட்கக்கூட இல்லை. நீந்தி முடித்து ஈரத்தலையோடு வெளியே வரும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைப்பு வருகிறது.

2000-க்கும் 2010-க்கும் நடுவில் என்ன நடந்தது தெரியுமா? டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்கிறது: வேகமாக வளர்ந்த அமெரிக்கப் பெருநகரங்களில், மொத்த மக்கள்தொகை கூடிக்கொண்டே போக, கறுப்பின மக்களின் எண்ணிக்கை குறைந்த ஒரே நகரம் ஆஸ்டின். மொத்தம் 20 சதவீதம் கூடியது, அவர்கள் 5 சதவீதம் குறைந்தார்கள்.

எப்படிப் போனார்கள் என்று கேட்டால், இந்த முறையும் யாரும் "போ" என்று சொல்லவில்லை. டெக்சாஸில் வருமான வரி இல்லை என்று சந்தோஷப்படுகிறோம், அந்தப் பணத்தைச் சொத்து வரியாகத்தான் வசூலிக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு ஆணிகூட நீங்கள் புதிதாக அடித்திருக்க மாட்டீர்கள். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துப் பளபளவென்று மாடி கட்டி விற்றார்களென்றால் உங்கள் வீட்டு மதிப்பும் ஏறும், வரியும் ஏறும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு உண்டு. ஆனால் பத்துப் பத்தாக ஏறினால் எட்டே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பள்ளி வரி உறைந்து நிற்கும். அவர் கண்ணை மூடியதும் வீடு பிள்ளைகள் பெயருக்கு வரும், அந்தச் சலுகைகள் கூட வராது. வாடகைக்கு இருப்பவருக்கு எந்த வரம்பும் இல்லை.

நான் ஏழு வருடம் முடிவெட்டிக்கொண்ட கடை இந்தத் தெருவுக்கு வடக்கே 12-ஆம் தெருப் பக்கம் இருந்தது. ஆபீஸ் டவுன்டவுனுக்கு மாறியபோது தற்செயலாகப் போனேன். கடைக்காரர் பெரியவர், அவருடைய அப்பா வைத்திருந்த கடை. "ஏரியா சரியில்லை" என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், முதல் நாளே என் அம்மா எப்படி இருக்கிறார், தனியாகவா இருக்கிறார் என்று விசாரித்தவர் அவர்தான். அமெரிக்காவில் அதுவரை வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. 2019-இல் கடையை மூடினார். வாடகைக்கு இருந்த வீட்டையும் விட்டுவிட்டு ஃப்ளூகர்வில் போய்விட்டார், இங்கிருந்து பதினைந்து மைல். கடை இருந்த இடம் இதோ, இந்த மூன்று மாடிக் கட்டடம். கீழே காபிக் கடை. காபி நன்றாகத்தான் இருக்கிறது, அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நம்மாலும் இது நடந்தது. வீடு விலை ஏறியது நம்மைப் போல் வேலைக்கு வந்தவர்களால்தான். வந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், பிழைப்புக்காக எல்லோரும் எங்கேயாவது போகத்தான் வேண்டும். தப்பு எங்கே என்றால், இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரிந்தும் போதிய வீடு கட்ட விடாமல் வைத்திருந்ததில். ஒரு மனையில் ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு, அந்த மனையும் 5,750 சதுர அடிக்குக் குறையக்கூடாது என்று பல காலம் விதி இருந்தது. 2022-இல் விலை உச்சத்துக்குப் போனபோது, ஆஸ்டின் வட்டாரத்தில் வீடுகளின் நடு விலை (பாதி வீடுகள் அதற்கு மேலே, பாதி கீழே) ஐந்தரை லட்சம் டாலரைத் தொட்டது. அப்புறம்தான் விழித்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம் என்றார்கள். 2024 மே மாதம் மனையின் குறைந்தபட்ச அளவை 1,800 சதுர அடியாகக் குறைத்தார்கள். இதற்கிடையே அபார்ட்மென்ட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்ததால் வாடகை உச்சத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கட்டினால் குறையும் என்பதை இந்த ஊர் காட்டிவிட்டது. பதினைந்து வருடம் முன்னால் காட்டியிருந்தால் அந்தக் கடை இன்னும் இங்கே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

குவாடலூப் நெய்பர்ஹுட் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்று 1981-இல் அக்கம்பக்கத்து மக்களே தொடங்கிய அமைப்பு ஒன்று இந்தப் பகுதியில் இருக்கிறது. நிலம் அமைப்பிடமே இருக்கும், வீடு மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம், அதனால் விலை எட்டாத உயரத்துக்குப் போகாது. தலைமுறையாக இந்தப் பகுதியில் வேர் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனாலும் இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஹைவேயும் மாறப்போகிறது. மேலே போகும் பாலத்தை இடித்துவிட்டு, வண்டிகளைத் தரைமட்டத்துக்குக் கீழே ஓட விடும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதன்மேல் மூடி போட்டுப் பூங்கா அமைத்து இரு பக்கத்தையும் இணைக்கலாம் என்று நகரம் ஆசைப்படுகிறது. செலவைப் பார்த்து அந்த ஆசையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அப்படியே 12-ஆம் தெருப் பக்கம் வந்துவிட்டேன். இந்த சர்ச்சின் பார்க்கிங்கைப் பாருங்கள், இடமே இல்லை. சுற்றுமுற்றும் இருக்கிற வீடுகளிலிருந்து நடந்து வந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். மேனர், ஃப்ளூகர்வில், ரவுண்ட் ராக், எல்லாம் அங்கிருந்து கார் ஓட்டி வருகிறார்கள். வீடு போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. ஆராதனை முடிந்தாலும் யாரும் உடனே கிளம்பமாட்டார்கள், வெயிலிலேயே நின்று ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அதோ, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கதவருகில் நிற்கிறாரே, அவர்தான். கையைக் காட்டுகிறார். அவர் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கமாட்டேன். கேமராவை அணைத்துவிட்டுப் போய்ப் பேசுகிறேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பார்.