காய்ச்சல் யாருக்கு வந்திருக்கிறது?

வணக்கம் நேயர்களே. நான் கோலாலம்பூரில் குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் தாதி. ராத்திரி காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்தால் நாங்கள் நிறையக் கேள்வி கேட்போம். எத்தனை மாதம்? குறைமாதமா? உடம்பில் ஏதாவது குழாய் இருக்கிறதா? 'காய்ச்சல்தானே, எதற்கு இத்தனை விசாரணை' என்று சில பெற்றோருக்கு எரிச்சல் வரும். ரத்தத்தில் கிருமி கலந்திருக்குமோ என்ற பயத்தில்தான் கேட்கிறோம். எல்லாக் குழந்தைக்கும் அந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை.

ஓடியாடும் ஐந்து வயதுப் பையனுக்கு 38 டிகிரி என்றால் பெரும்பாலும் வைரஸாக இருக்கும். தண்ணீர் குடிக்கிறானா, விளையாடுகிறானா என்று கவனிக்கலாம். நம் ஊரில் டெங்கியையும் மறக்கக்கூடாது. அதே 38 டிகிரி மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில பச்சைக் குழந்தைகளுக்குக் காய்ச்சலே வராது. உடம்பு சில்லிட்டுப் போகும், பால் குடிக்காது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். அதுவும் அவசரம்தான்.

குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது சரியாகக் கிடைத்திருக்காது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலும், பிரசவத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலும் குழந்தையைக் கூடுதலாகக் கண்காணிப்போம்.

அப்புறம் லைன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பல குழந்தைகளுக்கு நெஞ்சுப் பக்கமாக ஒரு மெல்லிய குழாய் போட்டிருப்பார்கள். அது இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும். அதன் வெளிமுனையில் கிருமி ஒட்டினால் நேராக ரத்தத்துக்குள் போய்விடும். அதனால் மருந்து ஏற்றும் முன் ஆல்கஹால் பஞ்சால் அந்த முனையை 15 வினாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகுதான் சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். குழந்தை அழ, பக்கத்துக் கட்டிலில் பம்ப் கத்த, அந்த 15 வினாடி ரொம்ப நீளமாகத் தெரியும். ஆனாலும் குறைக்கக்கூடாது. பெற்றோரே, பக்கத்தில் நின்று பாருங்கள். 'சிஸ்டர், கை கழுவியாச்சா?' என்று தாராளமாகக் கேளுங்கள். அதற்குக் கோபப்படும் தாதி இருந்தால் தவறு அவர் மேல்தான். லைன் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். அதனால் 'இன்னும் தேவையா டாக்டர்?' என்றும் கேளுங்கள்.

கீமோ என்ற புற்றுநோய் மருந்துக்குப் பின், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சலுக்கு, வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றப் பார்ப்போம். தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக மண்ணீரலை எடுத்துவிட்ட பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்றால் தாமதிக்கக்கூடாது. ரத்தத்திலுள்ள கிருமியை வடிகட்டும் உறுப்பு அவர்களுக்கு இல்லை. நிமோகோக்கஸ் கிருமி அவர்களைச் சில மணி நேரத்திலேயே சாய்த்துவிடும். இந்தக் கிருமிக்கான தடுப்பூசி 2020 டிசம்பரில் நம் நாட்டின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. குழந்தைகளுக்கு 4, 6, 15 மாதங்களில் போடுகிறார்கள். தவறவிட்டிருந்தால் கிளினிக்கில் கேளுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். என்ன கிருமி என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு குப்பியில் வளர்த்துப் பார்ப்போம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். முன்பே மருந்து உள்ளே போயிருந்தால் அந்தக் குப்பியில் எதுவும் வளராமல் போகலாம்.

இப்படி ஆபத்து அதிகமுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு சீட்டு எழுதி மணிப்பர்சில் வையுங்கள். நோயின் பெயர், லைன் இருக்கிறதா, கடைசி கீமோ தேதி, மண்ணீரல் எடுத்தாயிற்றா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மலாயில் எழுதினால் நல்லது. நீங்கள் வேலையில் இருக்கும்போது பாட்டி கூட்டிக்கொண்டு வந்தாலும், எண் எடுத்து உட்காராமல் நேராக அவசரப் பிரிவுக் கவுண்டரில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.