மலையகத் தலைப்புக்கு மலையக ஆசிரியரே வேண்டும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அட்டன் நகரில் இம்மண்டபத்தை மனமுவந்து தந்த நூலகப் பொறுப்பாளர் அவர்களே, அடைமழையையும் பொருட்படுத்தாமல் தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியாவிலிருந்து வந்திருக்கும் அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன்னர் பேசிய கல்விப் பணிப்பாளர் அவர்கள் வாசிப்பைப் பற்றி அழகாக எடுத்துரைத்தமைக்கு என் நன்றி.

இணையத்தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கித் தரும் இணைய அறிவு அடைவில், ஒரு தலைப்புக்குப் பொறுப்பான துறைப் பதிப்பாசிரியரின் பணி யாது, அவரைத் தெரிவுசெய்வது எவ்வாறு, முரண்பாடு எழுந்தால் தீர்ப்பவர் யார் என்னும் மூன்றையும் பேச எண்ணியுள்ளேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்றார்களே, அந்த விசாரணையே அவர் பணி. 1998 இல் தொடங்கி 2017 வரை இயங்கிய டிமோஸ் என்னும் அடைவு, ஒவ்வொரு தலைப்பையும் அதில் ஈடுபாடுள்ள தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தது. வந்த தளத்தைத் திறந்து பார்த்து, விளம்பர வாடையில்லாத குறிப்பெழுதி, உரிய தலைப்பில் வைத்து, செயலிழந்த இணைப்புகளைக் களைந்தவர்கள் அவர்களே.

உரிய தலைப்பு என்றேன். வட்டகொடைப் பக்கத்து மாணவி ஒருத்தி இலங்கையின் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றி ஒப்படை எழுதினாள். கைப்பேசியில் தேடியபோது ஓர் அடைவில் அவர் பெயர் 'இந்திய எழுத்தாளர்கள்' என்பதன் கீழ் இருந்தது. அப்படியே எழுதி, இரவு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை; தொழிலாளரின் வேலைநாள் பதியும் செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டில் அடுப்பெரியாது என்று அறிந்தவர்.

"இன்னொருக்கா வாசி புள்ள" என்றார். வாசித்தாள்.

"அவரு நம்ம மடக்கொம்பரையில பொறந்த மனுசன். நாப்பத்தேழு எலெக்சன்ல தலவாக்கலையில ஜெயிச்சு பார்லிமெந்துக்குப் போனவரு. இந்தியாக்காரருன்னு எழுதுனது யாரு?"

"போன்ல இருக்கு தாத்தா."

"போனுக்கு மடக்கொம்பர தெரியுமா?"

மறுநாள் அந்த முதியவர் மழையில் நடந்தே பாடசாலைக்குச் சென்று, வகுப்பாசிரியரிடம் முறையிட்டு, பேத்தியின் ஒப்படையில் அந்த வரியைத் திருத்த வைத்துவிட்டே வீடு திரும்பினார். அடைவில் அந்தத் தலைப்பு திருந்தவில்லை. திருத்துவதற்கு அங்கு நம்மவர் எவரும் இல்லை.

அவ்வாறு அடுக்கியவரிடம் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. இலங்கையின் குடிசன மதிப்பீடு மலையகத் தமிழரான நம்மை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணிவந்தது. தூரத்தில் இருப்பவர் கண்ணால் கண்டதை மெய்யென்று கொண்டார். ஆனால் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தத் துயரின் மிச்சத்தைச் சுமந்த சமூகத்துக்கு இது சிறு பிழையன்று.

ஆகவே அடைவுகளில் மலையகம் தனித் தலைப்பாக வேண்டும். அதன் பதிப்பாசிரியர்களுள் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பேராசிரியர்களின் புலமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், ஒரே தோட்டம் ஆங்கிலப் பெயரில் ஒன்றாகவும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து மக்கள் சொல்லும் பெயரில் வேறொன்றாகவும் பதிவாகியிருப்பதை அங்கே படிப்பிப்பவரே உடனே கண்டுபிடிப்பார். மலையக மக்களின் கூத்தான காமன் கூத்து எந்தத் தலைப்பில் அமைய வேண்டும், 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்கு இரையான கோவிந்தனைப் பற்றிய பதிவுகளில் எது நம்பத்தக்கது என்பவற்றையும் அவர் தீர விசாரித்துச் சொல்வார்.

மூன்றாவது விடயத்தை நேரங்கருதி விடுகிறேன். வாயிலில் ஒரு பதிவேடு வைத்துள்ளோம். ஆசிரியப் பெருமக்கள் தம் பெயரையும் தாம் பொறுப்பேற்க விரும்பும் துறையையும் இன்றே அதில் எழுதிச் செல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.