குங்குமப்பூவின் பெயரில் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

துருக்கிக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால், "இஸ்தான்புல் பார்த்தீர்களா, கப்படோக்கியாவில் பலூன் ஏறினீர்களா?" என்றுதான் கேட்கிறோம். இரண்டும் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றால் நான் போகச் சொல்வது சஃப்ரன்போலுவுக்கு. அங்காராவிலிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்.

பெயரின் முன்பாதி குங்குமப்பூ. பின்பாதியில் இருப்பது நகரத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல். கருங்கடல் பக்கம் போகும் வணிகக் கூட்டங்கள் தங்கிப் போன ஊர் இது. அவர்களுக்காக 17ஆம் நூற்றாண்டில் கட்டிய சத்திரம் 'ஜின்ஜி ஹான்' இன்றும் கல்கோட்டை மாதிரி நிற்கிறது. கட்டியவர் யார் தெரியுமா? சுல்தான் இப்ராஹிமுக்கு மந்திரித்தே செல்வாக்குப் பெற்ற உள்ளூர்க்காரர்! 1648இல் சுல்தான் பதவி இழந்ததும் இவர் தலையும் போய்விட்டது.

ஊரின் அழகு அதன் வீடுகளில் இருக்கிறது. கீழே கல், மேலே மரச்சட்டத்துக்கு நடுவில் செங்கல்லும் மண்ணும். மாடி தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் ஒவ்வோர் அறையும் ஒரு தனி வீடு. சுவரோரம் திண்ணை போல இருக்கை, பகலில் படுக்கையைச் சுருட்டி வைக்க அலமாரி, அந்த அலமாரிக்குள்ளேயே குளிக்க ஒரு சின்ன இடம். பெண்கள் பகுதிக்கும் விருந்தாளிகள் பகுதிக்கும் நடுச்சுவரில் ஒரு சுழலும் அலமாரி வேறு. இந்தப் பக்கம் சாப்பாட்டை வைத்துச் சுழற்றினால் அந்தப் பக்கம் போய்விடும். வைத்த கை யாருடையது என்று தெரியாது. வசதியுள்ள குடும்பங்களுக்கு இரண்டு வீடு: குளிர்காலத்துக்குப் பள்ளத்தில் கடைவீதியை ஒட்டி ஒன்று, கோடைக்கு மேட்டில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னொன்று.

சரி, இதெல்லாம் இடிபடாமல் எப்படித் தப்பியது? பக்கத்தில் கராபுக் என்ற சிற்றூரில் 1937இல் இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேலையும் பணமும் புதுக் கட்டடங்களும் அங்கே போய்விட்டன. பழைய ஊரை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லை. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரும்பாலை வந்த காலத்தில் சஃப்ரன்போலு நிர்வாகத்தின் கீழ் இருந்த கராபுக் இன்று மாகாணத் தலைநகர். சஃப்ரன்போலு அதற்குள் அடக்கம்.

அப்புறம், இன்னொரு நாள் கிடைத்தால் பல்கேரிய எல்லைப் பக்கம் எதிர்னே. கட்டடக் கலைஞர் சினான் எழுப்பிய செலிமியே மசூதி 1575இல் முடிந்தது. தன் தலைசிறந்த வேலை இது என்று அவரே நினைத்தாராம். அதே ஊரில், 1488இல் எழுந்த மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கு இசையும் நீரோசையும் மருந்தாக இருந்தன. இப்போது அது அருங்காட்சியகம்.

சஃப்ரன்போலுவுக்குப் போவதென்றால் அக்டோபர் கடைசியில் போங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் குங்குமப்பூ பூக்கும் காலம் அது. வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுவார்கள். அதனால் காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும்.