கிளி தின்றால் பிள்ளையும் தின்னுமா?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களையெல்லாம் எனக்கு முன்னால் பேசினவர்கள் தாராளமாகவே சொல்லிவிட்டார்கள், எனக்குத் தந்த நேரத்தில் அதற்குச் செலவழிக்க ஒன்றுமில்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு உறைப்பைக் கைக்குழந்தையிலிருந்தே நாம் பழக்க வேண்டுமா, அல்லது அது தானாகப் பழகட்டும் என்று விட வேண்டுமா? நான் 'விடுங்கள்' என்ற அணி. உண்மையைச் சொன்னால் யார் எந்த அணி என்று சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள், மற்றப் பக்கம் விழுந்திருந்தால் அதற்கும் நாலு கதை சொல்லியிருப்பேன். ஆனால் எதிரணித் தலைவர் பேசி முடித்தபிறகு எனக்கு மெய்யாகவே கோபம் வந்துவிட்டது.

அவர் என்ன சொன்னார்? "எங்கட வீட்டுக் கிளி பச்சைக் கொச்சிக்காயை முழுசாத் தின்னுது, கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு கிளிக்கு இருக்கிற தைரியம் உங்கட பிள்ளைகளுக்கு இல்லையா?" நீங்களும் விசில் அடித்தீர்கள். அந்த மதில் பக்கம் இருக்கிற தம்பிமார்தான் கூட அடித்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, கிளிக்கு வருகிறேன், அது கூட்டுக்குள்தானே இருக்கிறது, எங்கேயும் போகாது. முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் என் தங்கையின் மகனுக்குச் சோறு தீத்தும் நாள். பிள்ளைக்கு ஏழு மாதம். காலையில் மாமாங்கம் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும் மசித்து வைத்தாயிற்று. பெரிய ஆட்களுக்கு வாவி நண்டு, முருங்கையிலை போட்டு, செத்தல் வறுத்து இடித்த தூளில் வைத்த கறி. உங்களுக்குத் தெரியும், அந்தக் கறியைச் சாப்பிட்டால் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கும்.

எங்கள் மூத்த அண்ணன், பிள்ளைக்குத் தாய்மாமன், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். சாப்பிட்டவர் சும்மா சாப்பிட்டாரா? "ஆம்பிளப் பிள்ளைக்குப் பருப்பும் சோறுமா? பொறுங்க மனே, மாமா ஒண்டு தாறன்" என்று சொல்லி, தட்டின் ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்குமே, அந்த இடத்தில், நன்றாகக் கவனியுங்கள் ஐயா, குழம்பில் இல்லை, அந்த எண்ணெயில், சின்ன விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. விரலைச் சப்பியது. அண்ணன் சபையைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, என்ட ரத்தம்!"

அவர் 'ரத்தம்' என்று சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளையின் கீழுதடு மெல்ல வெளியே வந்தது. நாடி நடுங்கியது. பிள்ளை அழவில்லை, அண்ணாந்து மாமாவின் முகத்தைப் பார்த்தது. 'நீயா?' என்று ஒரு பார்வை. அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றிருப்பார்கள்.

இனித்தான் வைத்தியம் தொடங்குகிறது. மாமி ஒருத்தி கரண்டியில் தண்ணீர் பருக்கினாள், கத்தல் இரட்டிப்பானது. பக்கத்து வீட்டு அக்கா தேன் போத்தலோடு ஓடி வந்தா. என் தங்கை அடுப்படியிலிருந்து, "தேன் வேணாங்கா, கிளினிக்கில சொன்னவங்க!" என்று கத்தினாள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை விட்டுக் கை கால் சோரச் செய்துவிடும், நல்லகாலம் அவளுக்கு அது நினைவிருந்தது. பெரியப்பா விசிறி எடுத்து வாய்க்கு விசிறினார். எங்கள் அம்மம்மா என்ன செய்தா தெரியுமா? பிள்ளை விழுந்தால் நிலத்தை அடிப்போமே, அந்த வழக்கத்தில் தட்டில் கிடந்த நண்டுக் கோதை ஓங்கி ஒரு அடி. "நண்டுக்கு அடிச்சாச்சு, அழாதீங்க என்ட செல்லம்!" குழம்பு தெறித்து அண்ணனின் கண்ணில். இப்போது வீட்டில் அழுகிறவர்கள் இரண்டு பேர்.

கடைசியில் தங்கை வந்து பிள்ளையைப் பறித்துப் பால் கொடுத்தாள். அடங்கிவிட்டது. உறைப்பின் எரிவு தண்ணீரில் கரையாது, பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும்தான் அதைப் பிடித்து இறக்கும். அண்ணனுக்குத்தான் யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சிரித்து முடியுங்கள், கதை இன்னும் இருக்கிறது. இந்தக் கதையை அடுத்த கல்யாண வீட்டில் அண்ணன் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய கதையில் விரலில் கறியே இல்லை, கறியின் வாசம் மட்டும்தான். பிள்ளை சிரித்ததாம், பெண்கள் போட்ட சத்தத்தில்தான் அழுததாம். அதற்கடுத்த கல்யாண வீட்டில் கதை இன்னும் வளர்ந்துவிட்டது, பிள்ளையே கையை நீட்டிக் கேட்டதாம். ஏழு மாதப் பிள்ளை, "மாமா, எனக்கும் கொஞ்சம் நண்டுக்கறி" என்று! நடுவர் ஐயா, நீங்கள் சிரிப்பதைக் குறித்துக்கொள்கிறேன், தீர்ப்பு நேரத்தில் உதவும்.

ஆனால் மறுகா நடந்ததைத்தான் கேட்க வேண்டும். அண்ணனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். அவர் கையால் என்றில்லை, யார் கையாலும் வாங்காது. அவர் படலையடியில் நிற்கும்வரை பருப்பும் இல்லை, சோறும் இல்லை. கடைசியில் மனுஷன் சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரணியினரே, ஒரு விரல் உறைப்பில் பிள்ளை உறைப்புக்குப் பழகவில்லை, ஊட்டுகிற கையைச் சந்தேகப்படத்தான் பழகியது.

இனிக் கிளி.

கிளிக்குத் தைரியமாம். ஐயா, கிளிக்கு உறைக்கவே உறைக்காது! உறைப்பு ஒரு சுவையே இல்லை, அது வலி. கொச்சிக்காயில் இருக்கும் கப்சைசின் என்ற பொருள் நம் நரம்பில் ஒரு வாங்கியை, அதாவது சேதி வாங்குகிற ஒரு சின்னப் புரதத்தைப் போய்த் தட்டுகிறது. 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் அதே வாங்கிதான். அதை 1997-இல் கண்டுபிடித்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் இருக்கும் வாங்கி கப்சைசினைக் கண்டுகொள்ளாது. பல் இருக்கிற பிராணி மென்றால் விதை நாசம், பறவை விழுங்கினால் விதை தூரத்தில் போய் விழுந்து முளைக்கும், அதனால் செடி ஒருத்தனை எரித்து விரட்டுகிறது, மற்றவனுக்கு விருந்து வைக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக் கிளி கொச்சிக்காய் தின்பது, நான் வெள்ளரிப்பிஞ்சு தின்பது. இதற்கு வீரப் பதக்கமா? அடுத்த முறை கொச்சிக்காயைக் கிளிக்குக் கொடுக்காமல் உங்கள் வீட்டுப் பூனைக்குக் கொடுத்துப் பாருங்கள், அதன் தைரியத்தைப் பற்றி வந்து சொல்லுங்கள். வேண்டாம், பூனை பாவம்.

பிராணிகளைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினதே நீங்கள்தான், அப்போது இதையும் கேளுங்கள். பால் ரோசின் என்ற உளவியல் ஆய்வாளர், ஊரெல்லாம் உறைப்புச் சாப்பிடும் ஒரு மெக்சிக்கோ கிராமத்துக்குப் போனார். அங்கே நாய்களும் பன்றிகளும் அன்றாடம் தின்பது உறைப்பான மிச்சச் சாப்பாடு. பிறந்த நாளிலிருந்தே பழக்கம். இருந்தும் உறைப்பையே விரும்பித் தேடுகிற ஒன்றைக்கூட அவரால் காண முடியவில்லை. ஆனால் அதே ஊர்ப் பிள்ளைகள் விரும்பத் தொடங்கினார்கள். எப்படி? யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது, பெரியவர்களும் அண்ணன்மார் அக்காமாரும் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தார்கள், தாங்களே கையை நீட்டினார்கள். 'திணித்துத் திணித்துப் பழக்கு' என்கிற எதிரணியின் முறை அந்த ஊர் நாய்க்கே சரிவரவில்லை ஐயா, எங்கள் பிள்ளைக்கு எப்படிச் சரிவரும்?

இதுக்குமா விசில்? பொறுங்கள் தம்பிமாரே, நேரம் போகுது.

'பாரம்பரியம்' என்று இன்னொருவர் சொன்னார். கொச்சிக்காய் அமெரிக்காக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயர் 1505-இல் இந்தத் தீவுக்கு வந்தபிறகுதான் அது இங்கே வந்தது. அதற்கு முன் நம் சட்டியில் உறைத்தது மிளகு. 'தாய்ப்பாலிலேயே உறைப்பு வருகிறதே' என்றும் சொன்னார்கள். வருவது வாசம். 2001-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தாய் கரட் சாறு குடித்திருந்தால், பிள்ளை கரட் கலந்த உணவை அவ்வளவாக முகம் சுழிக்காமல் சாப்பிட்டது. நல்லதுதானே! நமது பெத்தாமாருக்கு அது ஆய்வில்லாமலே தெரிந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவில் சரக்குக்கறி வைக்கிறோம், மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் இருக்கும், கொச்சிக்காய்த் தூள் மட்டும் இருக்காது.

நான் வெள்ளைச் சோறு மட்டும் ஊட்டச் சொல்லவில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு மசித்த உணவு என்று கிளினிக்கில் மிஸ் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த மசியலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுங்கள், ஒரு பல்லு உள்ளி அவித்துப் போடுங்கள், சீரகம் போடுங்கள், ரம்பை வாசம் வரட்டும். முதல் நாள் துப்பும். திரும்பக் கொடுங்கள், பத்துத் தடவை கொடுத்தபிறகு பிடித்துப்போகிற பிள்ளைகளும் உண்டு. நடந்து திரிகிற வயதில் உங்கள் தட்டிலிருந்து ஒரு பிட்டுத் துண்டைச் சம்பலோடு தானாக எடுத்தால், விடுங்கள், எடுக்கட்டும், பக்கத்தில் எருமைத் தயிர் இருக்கட்டும். வாசத்தை நாம் கொடுப்போம், எரிவைப் பிள்ளை தன் கையால் எடுக்கட்டும். எங்கள் அணியின் வாதம் இவ்வளவுதான்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஐயா, ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்தோம். இங்கே இருக்கிற பாதிப்பேர் அந்த வாங்குகளில் நித்திரை கொண்டவர்கள்தான். சோற்றுப் பார்சல் வரும். எந்த ஊரில், யார் சமைத்தது என்று தெரியாது, சமைத்தவர்களுக்குக் கோடி புண்ணியம். பெரிய ஆட்களுக்கென்று சமைத்தது, பருப்பே சிவப்பாக இருக்கும். எங்கள் கடைசித் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அம்மா பார்சலை விரித்து, லஞ்ச் ஷீட்டின் ஒரு மூலைக்குப் பருப்பை ஒதுக்கி, போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்தப் பருப்பைக் கழுவுவா. குடிக்கவே தண்ணீர் எண்ணி எண்ணிக் கொடுத்த நாட்கள். தன் பங்குத் தண்ணீரில்தான் கழுவினா. கழுவின பருப்பில் ருசி என்ன இருக்கும்? தம்பி சாப்பிட்டான். அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் தன் சோற்றில் ஊற்றிப் பிசைந்து அம்மா சாப்பிட்டா.

ஒருநாள் பின்னேரம் காத்தான்குடிப் பக்கமிருந்து ஒரு உம்மா பெரிய பானையோடு வந்தா. தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. வந்தவ வேறு ஒரு கதையும் பறையவில்லை. "உறைப்பில்லகா, பிள்ளையளுக்குக் குடுங்க." அவவின் வீட்டுக்குள்ளும் கடல் வந்து போயிருந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிலையிலும் ஒரு பெண் அடுப்பு மூட்டி, முன்பின் தெரியாத பிள்ளைகளின் நாக்கை நினைத்துச் சமைத்திருக்கிறா.

இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி எழும்பிக் கேட்கும். கேட்கட்டும். நானும் இப்போது தலைப்பில் இல்லை. ஐயா, உங்கள் அம்மாவும் எப்போதோ உங்களுக்கு மீனைக் கழுவி, முள் பார்த்துத் தீத்தியிருப்பா. தீர்ப்பு எழுதும்போது அவவை நினைத்துக்கொண்டு எழுதுங்கள், எனக்கு அது போதும். வணக்கம்.