வராமல் போனவரின் கொப்பி

வணக்கம் நேயர்களே. கிளினிக் கொப்பி எப்படியிருக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிரசர், சீனி வருத்தம் என்று எத்தனை பேர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருக்கிறோம். திகதி, நிறை, இரத்தப் பரிசோதனை, தந்த மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் அப்படியான பதிவுகளை, பெயரை நீக்கிவிட்டு, வருடக்கணக்காகச் சேர்த்து வாசித்தால் என்ன தெரியும்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆசியாவில் 2003இல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இப்படியொரு பதிவைத் தொடங்கின. ட்ரீட் ஏசியா என்ற அமைப்பு பாங்கொக்கிலிருந்து ஒருங்கிணைக்கிறது. கணக்குப் பார்ப்பது சிட்னியில். சென்னையும் பூனேயும் அதில் உண்டு. இதற்கென்று யாருக்கும் புது மருந்து கொடுப்பதில்லை. வழமையான சிகிச்சை நடக்கிறது, நடப்பதை எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மருந்துப் பரிசோதனைக்கு ஆட்களைத் தெரிந்தெடுப்பார்கள், குறித்த காலத்தில் முடித்துவிடுவார்கள். கிளினிக்குக்கு வருபவர்களோ காசநோய் உள்ளவர், ஈரல் அழற்சி உள்ளவர், வயதானவர், கூலி வேலையை விட்டுவிட்டு வருபவர் என்று எல்லோரும்தான். ஸ்டவுடின் என்ற மலிவான எச்.ஐ.வி. மருந்து பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் கால் எரிந்தது, கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகமே மாறியது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக விடச் சொன்னது. நீண்டகாலம் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இப்படியானவை முழுதாகத் தெரியும்.

சரி, என் மனதில் எப்போதும் நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் போனவரை என்ன செய்வது? ஒரு வருடமாக ஆளைக் காணவில்லை என்றால் 'தொடர்பு அற்றவர்' என்று எழுதுவார்கள். அவர் இறந்திருக்கலாம், மருந்தை விட்டிருக்கலாம், வேறு இடத்தில் நலமாக இருக்கலாம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் சிகிச்சை பிரமாதம் என்று கணக்கு சொல்லும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயலை மட்டும் அளந்துவிட்டு, இந்தப் போகம் நல்ல விளைச்சல் என்று சொல்வதைப் போன்றது அது.

எனக்குத் தெரிந்த ஒருவர். ஊர் சொல்லமாட்டேன். கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். தொலைபேசி வேலை செய்யவில்லை. கொப்பியில் இருந்த விலாசம் 2009க்குப் பிறகு அவர் சில காலம் தங்கியிருந்த உறவினர் வீடு. அங்கும் இப்போது யாருமில்லை. வன்னியில் விலாசம் எத்தனை தரம் மாறியது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தாதி ஒருவர் விடவில்லை. அந்த ஆளுக்கு என்ன நோய் என்று யாரிடமும் சொல்லாமல், ஆளை மட்டும் விசாரித்துத் தேடினார். கடைசியில் பார்த்தால், அவர் விடிய முதல் பஸ் ஏறி இன்னொரு மாவட்டத்துக் கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வேலைக்கு வந்திருந்தார், அதுதான் காரணம். ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லை. இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த நிலை நீடித்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. எங்கள் பதிவிலோ அவர் காணாமல் போனவர்!

எல்லோரும் அப்படி நலமாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், வராமல் போனவரைத் தேட வேண்டும், எண்ண வேண்டும்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். நோய் முற்றிய பிறகு பிந்திச் சிகிச்சைக்கு வருபவர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: எதிர்ப்புச் சக்தி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை, தொற்று உறுதியானவுடனேயே எல்லோருக்கும் மருந்து என்பது 2015 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊருக்குள் போகக் கூச்சம் என்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போங்கள். அப்புறம், இடம் மாறினால் பழைய கிளினிக்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.