நேப்பிள்ஸில் மூன்று நாட்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். தென் இத்தாலியில் மத்தியதரைக் கடலோரம் அமைந்துள்ள நேப்பிள்ஸ் நகரத்துக்கு மூன்று நாள் பயணமாகச் செல்பவர், அந்த நாட்களை எந்த வரிசையில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எளிதாகக் கிடைத்துவிடும். எதை முதலில் பார்ப்பது என்பதற்குத்தான் யோசனை தேவைப்படுகிறது.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரம் அருகிலேயே இருப்பதால், வந்து இறங்கிய மறுநாளே பலர் அங்கே புறப்பட்டுவிடுகிறார்கள். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். நல்ல வெயிலில் தெருத்தெருவாக நடந்தேன். வீடுகள் இருந்தன, ஆனால் பல வீடுகளின் சுவர்களில் ஓவியம் இருந்த இடத்தில் சதுரமாக வெட்டி எடுத்த பள்ளம்தான் தெரிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அகழாய்வு தொடங்கிய காலத்திலிருந்தே சிறந்த ஓவியங்களையும் தரைச் சித்திரங்களையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். அவை இன்று நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சரி, அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று அடுத்த நாள் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. மறுநாள் காலை எனக்கு விமானம். வெறும் சுவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அந்த வருத்தம் நெடுநாள் தீரவில்லை.

ஆகவே நேயர்களே, முதல் நாள் அருங்காட்சியகம், இரண்டாம் நாள் பொம்பெயி. செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது பயணத்தில் இந்த வரிசையில்தான் சென்றேன். எரிமலைச் சூட்டில் கரியாகிப்போன ஒரு வட்ட ரொட்டியை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். பங்கு போடுவதற்கு வாகாக எட்டுக் கீற்றுகளாகக் கோடு போட்டுச் சுட்டிருக்கிறார்கள். மறுநாள் பொம்பெயியில் ஓர் அடுமனையின் திரிகைக் கற்களுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றபோது, அந்த ரொட்டியைக் கண்ணால் கண்டிருந்ததனால் அந்த இடம் எனக்கு ஆள் நடமாட்டம் உள்ள கடையாகவே தோன்றியது.

அதே அருங்காட்சியகத்தில், இரகசியக் கூடம் எனப்படும் தனி அறையில், ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே கூடுதலான தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மேலே நகைகள் அணிந்த ஒரு பெண், இருபுறமும் இரண்டு சிறு தோழியர். இந்தியாவில் செதுக்கப்பட்ட சிற்பம் அது. 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்தது. முதலில் இலட்சுமி என்றார்கள், இப்போது யட்சியாக இருக்கலாம் என்று கருதுவோர் பலர். பெயர் எதுவானாலும், கடல் கடந்து போய் இன்னொரு நாட்டின் சாம்பலுக்குள் அத்தனை நூற்றாண்டுகள் கிடந்த அந்தப் பெண்ணின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். சங்கப் பாடல்களில் வரும் நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றியும் மிளகு வணிகத்தைப் பற்றியும் எழுதிவைத்த ரோமானிய அறிஞர் பிளினியும் இதே வெடிப்பின்போதுதான், கப்பல்களோடு மக்களை மீட்கச் சென்று, இந்த வளைகுடாவின் கரையில் உயிரிழந்தார். அந்த அறையைப் பலர் எட்டிப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

பொம்பெயிக்கு நகரின் கரிபால்டி நிலையத்திலிருந்து சொரெந்தோ செல்லும் சிறு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ நாற்பது நிமிடம். பொம்பெயி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருப்பதால், "பொம்பெயி ஸ்காவி" என்று எழுதியிருக்கும் நிலையத்தில் இறங்க வேண்டும். 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு இருபதாயிரம் பேர் என்று வரம்பு வைத்து, பெயர் குறித்த சீட்டு தருகிறார்கள்; முன்பதிவு செய்துகொண்டு, நிழல் குறைந்த இடம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

மூன்றாம் நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அன்று காலையை, அதே வெடிப்பில் புதைந்த இன்னொரு நகரமான ஹெர்குலேனியத்துக்கு ஒதுக்குங்கள். பொம்பெயியைவிட மிகச் சிறியது; மரக்கதவும் மாடியும்கூட அங்கே எஞ்சியிருக்கின்றன. அதே ரயிலில் "எர்கொலானோ ஸ்காவி" நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கிச் சரியும் தெருவில் நேராக நடந்தால் நுழைவாயில் வந்துவிடும். வணக்கம்.